எச்சிக்கல்லு

நில்லு மருமகனே, நில்லு. கல்லைத் தாண்டிப் போகாத. மாயா, நீயும் நில்லுடா. தங்கச்சியக் கட்டிக் குடுத்துட்டா மட்டும் மச்சான் ஆயிர முடியாது. ரெண்டு பேரும் சேந்து இந்தக் கல்லுல துப்பணும். துப்பிட்டுத்தான் தேன்பாறைக்குப் போகணும்.

என்ன மருமகனே, மூஞ்சியச் சுளிக்கிற? குங்குமம் வச்சிருக்கு, எலுமிச்சம்பழம் கெடக்கு, சாமிக்கல்லாச்சேன்னு பாக்குறியா? சாமியுமில்ல, ஒரு மண்ணுமில்ல. அந்தக் கயித்த எறக்கி வச்சிட்டு, இந்த வெத்தலையப் போட்டுக்கிட்டு இப்பிடி உக்காரு. உங்க குடியில இந்தக் கதைய யாரும் சொல்லிருக்க மாட்டாக. கதை தெரியாமத் துப்புனா அது வெறும் எச்சிதான்.

இந்த மலைக்கு ரோடு வராத காலம். வெள்ளக்காரன் இன்னும் மூட்டையக் கட்டாத காலம். நம்ம கரடிச்சோலைப் பளியங்குடியில ஒரு பளிச்சி இருந்தாளாம். அவ பேரு சடச்சி. முடி அப்பிடி அடர்த்தியாம், அதான் அந்தப் பேரு. சிரிச்சான்னா ஓடைக்கு அந்தப் பக்கம் கேக்குமாம். கெழங்கு தோண்டுறதுல ஆம்பளைக்கு முந்திருவாளாம். எங்க அப்பனோட தாத்தன் தவசி இருந்தாருல்ல, அவருக்குக் கூடப் பொறந்த தங்கச்சி.

சடச்சிய வேலான்னு ஒருத்தருக்குக் கட்டிக் குடுத்தாங்களாம். வேலான் தேன் எடுக்கப் பாறையில எறங்குனா, மேல கயிறு பிடிக்கிறது தவசிதான். நம்ம மொறை அதுதானே. பொண்டாட்டியோட அண்ணன் தம்பிதான் கயிறு பிடிக்கணும். ஏன்? தங்கச்சி தாலியறுக்கிறத எந்த அண்ணன் பாப்பான்? கை கிழிஞ்சாலும் விட மாட்டான். கீழ எறங்குறவன் மொத எட்டு வச்சதும் ஒரு கொரல் குடுப்பான், "மேல யாரு?" மேல நிக்கிறவன் பதில் கொரல் குடுப்பான். அதுக்கப்புறந்தான் அடுத்த கால் வைக்கிறது.

அப்ப இந்த எடத்துல ஒரு பங்களா இருந்துச்சாம். தேனு, கடுக்காய், கல்பாசின்னு இந்த மலையில வெளையுறத எல்லாம் குத்தகைக்கு எடுத்த மொதலாளி பங்களா. அவன் பேரச் சொல்ல மாட்டேன். என் வாயி நாறும். அவனோட ஒரு கணக்கப்பிள்ளை. அவங்க ரெண்டு பேரோடயும் சோறு தின்னுக்கிட்டு, காட்டக் காவக் காக்குற சர்க்கார் கார்டு ஒருத்தன். மூணு பேரு. இந்தக் கல்லு பங்களா வாசல்ல கெடந்துச்சு. மொதலாளி காலையில இதுல உக்காந்துதான் வெத்தல போடுவானாம்.

தேனக் கொண்டாந்து குடுத்தா அரிசி, உப்பு, பொகையில தருவான். அதுல ஒரு சட்டம் போட்டானாம் அந்த நாய். "ஆம்பளைங்க காட்டுல வேலையப் பாருங்க. தேனப் பொம்பளைங்க கொண்டாரட்டும்." எதுக்கு அப்பிடிச் சொன்னான்னு நம்ம ஆளுகளுக்குத் தெரியாமயா இருந்துச்சு? தெரிஞ்சுச்சு. அதனால கெழவிகளா பாத்து அனுப்புனாங்களாம். கெழவிகளப் பாத்து கணக்கப்பிள்ளை மொணங்குவானாம், "உங்க குடியில கொமரிகளே இல்லையா?"ன்னு. தூ!

ஒரு மழைக்காலம். வேலானுக்குக் குளுருகாச்சல். ஊருல முக்காவாசிப் பேரு படுத்த படுக்கை. அரிசி இல்ல. சடச்சி மிச்சமிருந்த தேன்குடுக்கையத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டாளாம். "போகாத தாயி"ன்னு ஆத்தாக்காரி சொல்லியிருக்கா. "பட்டப்பகல்ல என்ன ஆத்தா ஆகப் போகுது, குடுத்திட்டு இந்தா வந்துருறேன்." அப்பிடிச் சொல்லிட்டுப் போனாளாம். போனவதான்.

பொழுது சாஞ்சும் வரல. மறுநாள் தவசி இந்த வாசலுக்கு வந்து நின்னாராம். இதே எடம். மொதலாளி கல்லுல உக்காந்து வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டு இருக்கான்.

"சாமி, எந்தங்கச்சி சடச்சி இங்க வந்தாளா?"

"யாருடா சடச்சி? எல்லாப் பளிச்சியும் ஒரே மூஞ்சிதான் எனக்கு. தேனக் குடுத்தா, போயிட்டா."

கணக்கப்பிள்ளை உள்ள இருந்து வந்தானாம். "எவங்கூடயாச்சும் ஓடிருப்பா. உங்க சாதிக்கு அதெல்லாம் புதுசாடா?"

கார்டு வந்தானாம். "ஓடல கீடல. புலி தூக்கிருக்கும். நாந்தான் ரெண்டு நாளா தடத்தப் பாத்தேனே."

பாத்தியா மருமகனே? ஒரு பொண்ணு, மூணு பேரு, மூணு பேச்சு. போயிட்டான்னான் ஒருத்தன். ஓடிட்டான்னான் ஒருத்தன். புலின்னான் ஒருத்தன். ஒக்காந்து பேசி ஒரே பொய்யாச் சொல்லக்கூட அவய்ங்களுக்குத் தோணல. பளியன் கிட்டப் பொய் சொல்ல அவ்வளவு மெனக்கெடணுமா என்னன்னு நெனச்சிருப்பாய்ங்க.

ஊரே தேடுச்சாம். காச்சக்காரங்களும் எந்திரிச்சுத் தேடுனாங்களாம். ஓடையோரம் தேடுனாங்க, சோலைக்குள்ள தேடுனாங்க, கொகை கொகையாத் தேடுனாங்க. கடைசியில பருந்து சுத்துறதப் பாத்துட்டுத் தேன்பாறை அடிவாரத்துக்குப் போனாங்களாம். அங்க கெடந்தா சடச்சி. இடுப்புல ஒரு கயிறு கட்டியிருந்துச்சாம்.

என்ன கயிறு? நம்ம கொடிக்கயிறா? இல்ல. தேங்காநார்க் கயிறு. பங்களாக் கெணத்துல வாளி கட்டித் தண்ணி சேந்துற கயிறு. தேன் எடுக்க எறங்குனாளாம், கயிறு அறுந்துபோச்சாம், விழுந்துட்டாளாம். அப்பிடிக் காட்டணுமாம். நம்ம பொம்பளைக என்னைக்கு மருமகனே கயித்துல எறங்கியிருக்கோம்? அதுவும் அடை மழையில, பாறை வழுக்குற காலத்துல, ஒரு ஈகூட அந்தப் பாறையில இல்லாதப்ப? கேவலம். கொன்னதும் கேவலம், அத மூடுனது அதவிடக் கேவலம்.

கீழ நாட்டுல இருந்து இன்ஸ்பெக்டர் வந்தானாம். நேரா அவ கெடந்த எடத்துக்கு வரல. பங்களாவுக்குப் போனான். கோழியடிச்சுக் கொழம்பு வச்சிருந்தாய்ங்க. சடச்சி மேல எலை தழைய மூடி ஆத்தாக்காரி ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. இவன் கோழிக்காலக் கடிச்சுக்கிட்டு இருக்கான். தின்னு முடிச்சு, மீசையத் தொடச்சு, ஏப்பம் விட்டுக்கிட்டே வந்தானாம். கிட்டக்கூட வரல. தூரத்துல நின்னு மூக்கப் பொத்திக்கிட்டான்.

அப்பறம் ஊரையெல்லாம் இந்த வாசலுக்குக் கூப்புட்டான். மொதலாளி இதே கல்லுல உக்காந்திருந்தான். தட்டு நெறைய வெத்தல பாக்கு வச்சு நம்மாளுகளுக்கெல்லாம் குடுத்தானாம், கல்யாண வீட்டுல குடுக்குற மாதிரி. "எடுத்துக்கங்கடா, எடுத்துக்கங்க. என்ன செய்ய, அவ விதி."

இன்ஸ்பெக்டர் தவசியக் கூப்புட்டான். "ஏய், உன் தங்கச்சி தேன் எடுக்க எறங்கி விழுந்தாளா, இல்லையா?"

"இல்ல சாமி. அவ எறங்க மாட்டா."

"அப்ப இது கொலைக் கேஸு. பொணத்தக் கீழ கொண்டுபோவேன். அறுப்பாங்க. அறுத்து அங்கயே எங்கயாச்சும் பொதைப்பாங்க. உன் கைக்கு வராது. விழுந்தான்னு சொன்னா இப்பவே தூக்கிட்டுப் போ. என்ன சொல்ற?"

கொன்னவனப் பிடிங்கன்னு கேக்கத்தான் தவசி வந்தாரு. ஆனா நம்ம மண்ணுல பொதைக்காத உசுரு நம்ம காட்டுக்குள்ள வராது, எவன் ஊரு சுடுகாட்டுலயோ அலையும்னு நம்ம ஆளுக நம்புன காலம். அவரு ஆத்தாளத் திரும்பிப் பாத்தாராம். ஆத்தா சொன்னாளாம், "எனக்கு நியாயம் வேணாண்டா தவசி. எம்பிள்ளைய வாங்கிக் குடு."

"விழுந்தா சாமி," அப்பிடின்னாராம் தவசி.

"மேல கயிறு யாரு பிடிச்சா?"

அதுக்கும் ஒரு ஆளு வேணுமாம் அந்தப் பாவிக்கு. தவசி தலையக் குனிஞ்சுக்கிட்டே சொன்னாராம், "நாந்தான் பிடிச்சேன்."

சொன்னவரு மொதலாளி பக்கத்துல போயி, அந்தக் கல்லு மேலயே துப்பிட்டாராம். நம்ம பழக்கம் அது. வாயில பொய் வந்துச்சுன்னா எச்சிய முழுங்கக் கூடாது. முழுங்குனா பொய் வயித்துல தங்கிரும். வெளிய துப்பிறணும். இன்ஸ்பெக்டர் மத்தவங்களையும் ஒவ்வொருத்தரா கேட்டான்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன் சாமி." தூ!

"நீ?"

"பாத்தேன் சாமி." தூ!

ஊரே வந்து துப்புச்சாம். அவன் குடுத்த வெத்தலைய அவன் உக்காந்த கல்லுலயே துப்புச்சு. மொதலாளி பதறி எந்திரிச்சானாம். "ஏய், வேட்டியெல்லாம் எச்சி! நாகரிகம் தெரியாத ஜென்மங்க!" நாகரிகமாம். அவனுக்குத் தெரிஞ்ச நாகரிகம் அந்தா பாறைக்கடியில கெடந்துச்சு.

சடச்சியத் தூக்கிட்டு வந்து பொம்பளைக குளிப்பாட்டுனாங்களாம். அவ்வளவு ஒசரத்துல இருந்து விழுந்தவ ஒடம்புல ஒரு எலும்பு ஒடியல மருமகனே. கையும் ஒடியல, காலும் ஒடியல. கழுத்த மட்டும் சுத்தி கருப்பா கன்னிப் போயிருந்துச்சு. குளிப்பாட்டுனவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு, மஞ்சளத் தடவி மூடுனாங்களாம். ஆத்தா மடியில வச்சு ஒரு ராத்திரி பூரா முடியச் சீவி விட்டா. விடிஞ்சதும் பொதைச்சாங்க.

இத்தோட முடிஞ்சாக்கூடப் பரவாயில்ல. அடுத்து நம்ம ஆளுக செஞ்ச கூத்தச் சொல்றேன், கேளு. இது அவய்ங்க செஞ்சதவிட எனக்கு அருவருப்பா இருக்கு.

தேன் காலம் வந்துச்சு. வேலான் கயித்த எடுத்தாரு. தவசி பின்னால கெளம்புனாரு. ஊருக்குத் தலைவனா இருந்த மூப்பன் குறுக்க வந்து நின்னானாம். "தவசி கயித்தத் தொடக்கூடாது. ஆளு விழுந்துபோனா அந்தக் கை மறுபடி கயிறு பிடிக்கக் கூடாது. நம்ம மொறை அது."

"யாரு விழுந்தா? நீயுந்தானே அங்க வந்து பொய் சொல்லித் துப்புன?" அப்பிடின்னு வேலான் கேட்டாராம்.

"பொய்தான். ஆனா ஊரு முன்னால தவசி வாயால சொல்லிட்டான்ல. சொன்ன சொல்லு சொன்னதுதான்."

இப்பிடியும் ஒரு ஊரு இருக்குமா? போலீஸுகாரன் மெரட்டி வாங்குன பொய்ய, அந்தப் போலீஸுகாரனே மறந்திருப்பான். இவங்க அத எடுத்து மொறைன்னு வச்சு, தங்கச்சியப் பறிகுடுத்தவன் தலையிலயே கட்டுனாங்க. நம்ம மூப்பன மாதிரி மடையன் வேற எந்த மலையிலயும் இருந்திருக்க மாட்டான். வாய்ச்சொல்லுக்கு மரியாத குடுக்குறோம்னு பெரும பேசுவோம்ல, அந்தப் பெருமையத் தூக்கி ஒடப்புல போடு.

தவசி ஒடுங்கிப் போனாராம். யாரு கூடயும் சேராம கெழங்கு தோண்டித் தின்னுக்கிட்டு, தன் கையையே பாத்துக்கிட்டு இருப்பாராம். நாள் ஆக ஆக, நெசமாவே நாந்தான் விட்டுட்டேனோன்னு ஆத்தா கிட்டயே கேட்டாராம். அப்பிடிக் கேக்க வச்சுட்டாய்ங்க. வேலானுக்கோ வேற மச்சான் இல்ல. வேற ஆளு கயித்துல எறங்க மாட்டேன்னுட்டாரு. அந்த வருசம் எறங்கல, மறு வருசமும் எறங்கல.

அதுக்கும் மறு வருசம் ஒருநாள் காலையில, வேலான் தவசி மணிக்கட்டப் பிடிச்சு இழுத்துக்கிட்டு இந்தக் கல்லுக்கு வந்தாராம். ஊரும் பின்னால வந்துச்சு. மொதலாளி பங்களாவுக்குள்ள இருந்து எட்டிப் பாத்தானாம்.

வேலான் சொன்னாராம், "மச்சான், பொய் சொன்னது உன் வாயி. கை ஒண்ணும் சொல்லல. வாயில இன்னும் மிச்சம் இருந்தா இங்கயே துப்பு. துப்பிட்டு வந்து என் கயித்தப் பிடி."

தவசி துப்புனாரு. அழுதுக்கிட்டே துப்புனாராம். வேலானும் துப்புனாரு. மூப்பன் என்னமோ சொல்ல வாயத் தொறந்தானாம். வேலான் அவனையும் பாத்து, "நீயும் துப்பு, உன்கிட்டயும் ஒரு பொய் இருக்கு"ன்னாராம். மூப்பன் வழிய விட்டு ஒதுங்குனான்.

நேரா தேன்பாறைக்குப் போனாங்க. சடச்சியக் கெடத்தியிருந்தாய்ங்களே, அதே பாறை. தவசி கயித்த மரத்துல சுத்தி, இடுப்புல சுத்தி, கையில வாங்குனாரு. வேலான் எட்டு வச்சு எறங்கி, பாறை மறைவுல இருந்து கொரல் குடுத்தாரு.

"மேல யாரு?"

தவசிக்குத் தன் பேரச் சொல்ல வாய் வரலையாம். அப்பறம் மலையே கேக்குற மாதிரி கத்துனாராம்.

"சடச்சி அண்ணன்!"

அதுக்கப்பறம் வேலான் மேல ஏறி வர்ற வரைக்கும் அந்தக் கை கயித்த விடலையாம். அன்னைக்கு ஆரம்பிச்சதுதான் இந்த வழக்கம். புதுசா பொண்ணு கட்டுனவனும் மச்சானும் சேந்து வந்து துப்பாம, கரடிச்சோலையில யாரும் கயித்தத் தொடுறதில்ல.

என்ன கேக்குற? மூணு பேர்ல யாரு கொன்னதா? யாருக்குத் தெரியும். யாரு விசாரிச்சா? கேஸுன்னு ஒண்ணு இருந்தாத்தானே முடியுறதுக்கு. கார்டு மாத்தலாகிப் போனான். கணக்கப்பிள்ளை பேரன் பேத்தி எடுத்துச் செத்தான். மொதலாளியும் கட்டில்ல படுத்துத்தான் செத்தான். ஒருத்தன்னு தெரிஞ்சா ஒருத்தனுக்குத் துப்புவோம். தெரியல. அதனால மூணு பேருக்கும் துப்புறோம்.

பங்களா இடிஞ்சுபோச்சு. கல்லு மட்டும் நம்ம எச்சியில செவந்து கெடந்துச்சு. ரோடு வந்ததும் கார்ல வர்றவங்க பாத்துட்டு, ஆகா, குங்குமம் போட்ட அம்மன்னு கும்புட ஆரம்பிச்சாய்ங்க. மஞ்சத்துணி கட்டுனாய்ங்க. அந்த மொதலாளி வம்சமே வருசா வருசம் வந்து தேங்காய் ஒடைக்குது. போன தடவ அதுல ஒரு அம்மா என்னயப் பாத்து, "சாமி மேல துப்புறியே, வெளங்குவியா?"ன்னு கேட்டுச்சு. "எங்க பூச இதுதாந்தாயி"ன்னேன். மொகத்தத் திருப்பிக்கிட்டுத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுப் போச்சு. ஒத்திக்கட்டும். அவங்க தாத்தன் வேட்டியில பட்டதுதானே.

சரி, எந்திரி. வெத்தலைய நல்லா மென்னுட்டியா? மாயா, நீ? ம்... துப்புங்க. கூச்சப்படாமத் துப்பு மருமகனே, அந்தக் கார்க்காரங்க பாத்தாப் பாக்கட்டும்.

ஆங். அப்பிடித்தான்.

இப்பக் கயித்தத் தூக்கு. பாறையில மொத எட்டு வச்சதும் மேல யாருன்னு கேளு. இவன் பேரு மாயன்தான். ஆனா அந்தப் பேரு வராது. தவசி சொன்ன பேருதான் வரும். அதக் கேட்டதுக்கப்பறம் அடுத்த கால எடுத்து வையி.