ஊசித் தடம்

அதெல்லாம் படிச்சுட்டேம்மா. முன் பக்கம், பின் பக்கம், அடியில பொடி எழுத்துல இருக்குறது, எல்லாம். வாயால விளக்கிச் சொன்னாத்தான் கையெழுத்து வாங்கலாம்னு ரூல் இருந்தா சொல்லுங்க, கேட்டுக்கிறேன். ஆனா சட்டுனு சொல்லிட்டு ரத்தத்தை எடுத்துருங்க. எங்க வீட்டுக்காரரு கீழ கன்டீன்ல உக்காந்துருக்காரு. அவரு மேல வர்றதுக்குள்ள இந்தக் கையில ஊசி ஏறி இறங்கியிருக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்.

என்னது, மருந்து ஏத்துறதுல எத்தனையாவது சைக்கிளா? சொல்றேன், சொல்றேன். முதல்ல நீங்க சொல்லுங்க, இந்த ஃபாரத்தைத் தமிழ்ல எழுதுனது யாரு? நீங்களேவா? அடடே. நல்லாத்தான் இருக்கு, சிந்துஜா. சிந்துஜாதானே? கழுத்துல கார்டு தொங்குதே, அதான் படிச்சேன். என்னை ஆன்டின்னே கூப்பிடுங்க, சந்திரகலா ஆன்டி. லைப்ரரியில கேட்டலாக் போட்டே ரிட்டையர் ஆனவ. எதைப் பார்த்தாலும் எந்த அடுக்குல வைக்கிறதுன்னுதான் புத்தி போகும். ரெண்டாவது பக்கத்துல ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போச்சு, நானே வச்சுட்டேன். கோவிச்சுக்காதீங்க லா.

ஆனா ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க. இந்த ஆராய்ச்சியால் உங்களுக்கு நேரடிப் பயன் எதுவும் இல்லைன்னு. அதை மட்டும் திரும்பத் திரும்பப் படிச்சேன். நோய் வந்ததுக்கு அப்புறம் ஒருத்தரும் என்கிட்ட இவ்வளவு நேராப் பேசுனதில்லை. பத்துமலை முருகனுக்கு நேர்ந்திருக்கேன்னு ஒருத்தி. டுரியான் பெலாண்டா, அதான் முள்ளுச்சீத்தா, அந்த இலையை அவிச்சுக் குடின்னு ஒருத்தி, ஒரு மூட்டை இலையோட வந்து நின்னா. உங்க ஃபாரம்தான் ஒன்னும் கிடைக்காதுன்னு மரியாதையாச் சொல்லுது.

சரி, ஆர்என்ஏ. நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன், தப்புன்னா திருத்துங்க. டிஎன்ஏ புத்தகம், ஆர்என்ஏ அதுலேருந்து எடுக்குற நகல். நகலைப் பார்த்து உடம்பு புரதம் செய்யும். இது நான் ஸ்கூல்ல படிச்சது. ஆனா புரதம் செய்யச் சொல்ற பக்கம் புத்தகத்துல கொஞ்சூண்டுதான். மிச்சமெல்லாம் குப்பைன்னு ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் பார்த்தா அந்தக் குப்பையையும் எவனோ ராப்பகலா நகல் எடுத்துக்கிட்டே இருக்கான். அந்த நகல் புரதம் செய்யாது. ஆனா சும்மாவும் இருக்காது. ஒன்னு, நீளமானது, கெட்டுப்போன செல்லு தானாச் செத்துரணும்னு எழுதியிருக்குற பக்கத்தைத் தேடிப் போயி ஸ்டேப்பிள் அடிச்சு மூடிரும். இன்னொன்னு, பொடிசு, மத்த நகலையெல்லாம் வழியிலயே மறிச்சுக் கிழிச்சுப் போட்டுரும். கட்டியிலேருந்து குட்டிக் குட்டிக் குமிழியில ஏறி ரத்தத்துலயும் மிதக்கும். அதைத்தான் நீங்க இந்தக் குழாயில பிடிக்கப் போறீங்க. சரியா? சிரிக்கிறீங்க. ஸ்டேப்பிள்னு எழுதுனா உங்க பேப்பரை யாரும் போட மாட்டாங்கதான்.

பேருதான் எனக்குப் பிடிக்கலை. புரதம் செய்யாத ஆர்என்ஏ. என்ன செய்யுதுன்னு சொல்லாம, என்ன செய்யலைன்னு பேரு வச்சா அது என்ன கேட்டலாக்? ஆனா நான்-ஃபிக்‌ஷன், கதை இல்லாததுன்னு முக்கால்வாசி லைப்ரரிக்கு நாங்களே போர்டு மாட்டி வச்சவங்க. எங்களுக்கும் பேச வாயில்லை.

என்னையும் அப்படித்தான் அடுக்குனாங்க. எங்க வீட்டுக்காரரோட அக்கா மாரியாயி, கிள்ளான்ல இருக்காங்க. விசேஷத்துல யாராச்சும் நான் யாருன்னு கேட்டா, தம்பி பொண்டாட்டி, பிள்ளை இல்லாதவ, அவ்வளவுதான் அறிமுகம். படிச்சது, வேலை பார்த்தது எல்லாம் அதுக்குப் பின்னாடி எங்கேயோ. பாருங்க, வேலை செய்ய வேண்டிய வயசுல என் சூலகம் ஒன்னும் செய்யலை. கிழவியானதும் ராப்பகலா உழைச்சுக் கட்டி வளர்க்குது. ஓவர்டைம்.

சிரிங்கம்மா, பரவாயில்லை. சிரிக்கிறதுக்குத்தானே சொல்றேன்.

கையைக் கட்டுங்க. இங்க இல்லை, முழங்கை மடிப்புல வேணாம். புறங்கையில எடுங்க. நரம்பு மெலிசுதான், வலிக்கும்தான், தெரியும். பரவாயில்லை, அங்கதான் எடுக்கணும். ஏன்னு அப்புறம் சொல்றேன்.

விட மாட்டீங்க போல. சைக்கிள், சைக்கிள். முதல்ல ஏத்துனது கார்போபிளாட்டின், பிளாட்டினம் கலந்த மருந்து. காதுல கழுத்துல பிளாட்டினம் போட்டறியாத பரம்பரை நாங்க, எனக்கு நரம்புலயே ஏத்துனாங்க. அந்தத் தடவை கட்டி மருந்துக்கு அடங்குச்சு. நல்லாச் சுருங்கிருச்சு. நானும் கொஞ்சம் நம்பிட்டேன். திரும்பி வந்தது வேற மாதிரி. அதே மருந்து வாசல்ல நின்னு கதவைத் தட்டுது, உள்ள இருக்குறவன் எந்திரிக்கவே இல்லை. வேற மருந்து, அதுக்கும் இல்லை. உங்க ஸ்டேப்பிள்காரன் வேலைதானே அது? மருந்துக்கு அடங்குன ரத்தத்தையும் அடங்காத ரத்தத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கணும்னு எழுதியிருக்கீங்க. என்னை அடங்காத அடுக்குல வைங்க. நீங்க கண்டுபிடிச்சு, அது மருந்தாகி, அந்த மருந்து இந்த மாடிக்கு வந்து சேர்றப்போ நான் இருக்கப் போறதில்லை. ஃபாரத்துலயே இருக்கு. நான் குறை சொல்லலை.

அவருக்கு ஏன் தெரியக்கூடாதுன்னா கேக்குறீங்க? நல்ல கேள்வி. தெரியக்கூடாதது அவருக்கில்லைம்மா, எனக்கு. இது கேன்சர்னு எனக்குத் தெரியாது. அப்படித்தான் அவரு நினைச்சுக்கிட்டு இருக்காரு.

எங்க ஆளுங்க பழக்கம் உங்களுக்குத் தெரியாதா? நோயாளி காதுல அந்தப் பேரு விழுந்துரக் கூடாது, விழுந்தா அன்னிக்கே சாஞ்சிருவாங்க. டாக்டரம்மாகிட்ட தனியாப் போயி, அவகிட்ட மட்டும் சொல்லிராதீங்கன்னு கெஞ்சியிருக்காரு. சீனப் பொம்பளை, நல்ல மாதிரி. அவரை வெளிய உக்கார வச்சுட்டு, உங்ககிட்ட சொல்லாம நான் மருந்து ஏத்த முடியாதுன்னு எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. சரி டாக்டர், நீங்க சொன்னதா அவருகிட்ட காட்டிக்காதீங்கன்னேன். வெளிய வந்தா, வெறும் நீர்க்கட்டிதானாம், மருந்துலயே கரைஞ்சிருமாம்னாரு. அப்படியாங்கன்னேன். முடி கொட்டுச்சு, மருந்துச் சூடுன்னாரு. இந்தா தொங்குதே, கேன்சர் பிரிவுக்கு மலாய்ல ஒங்கோலோஜின்னு, இவ்வளவு பெரிய போர்டு, நாங்க வர்றப்பெல்லாம் அதுக்கு முன்னாடி போயி நின்னுக்குவாரு. மறைக்கிறாராம். ஒல்லி மனுஷன், ரெண்டு எழுத்துகூட மறையாது. என்னங்க அதுன்னு ஒரு நாளு வேணும்னே கேட்டேன். கட்டிப் பிரிவும்மான்னாரு. கிரேக்கத்துல ஓங்கோஸ்னா கட்டிதான், பார்த்தா அதுவும் சரிதான், பாவம், அவருக்குத் தெரியாது. லைப்ரரி அடுக்குல கேன்சருக்கு அறுநூத்திப் பதினாறு புள்ளி தொண்ணூத்தொன்பது. இந்த நம்பரை எத்தனை புத்தக முதுகுல என் கையாலேயே ஒட்டியிருப்பேன்.

சுகுமாறன்னு பேரு. தெலுக் பங்லிமா காராங்ல ஃபேக்டரி லோரி ஓட்டுனவரு. பொய்யே வராது. போலீஸ்காரன் நிறுத்துனா, கண்ணாடியை இறக்குறப்பவே பெல்ட் போடலை துவான்னு சொல்லி சம்மன் வாங்குற ஆளு. அந்த மனுஷன் எனக்காக உக்காந்து பொய் பழகியிருக்காரு. எப்படிம்மா நான் அதைப் போயி உடைக்கிறது?

சரி, எழுதிக்குங்க. சைக்கிள், ஒன்னும் இல்லை. நிறுத்தியாச்சு. தீபாவளிக்கு முன்னாடியே டாக்டரம்மா கையை விரிச்சுட்டாங்க. இனிமே வலிக்கு மட்டும்தான். அதை அவருகிட்ட நான் சொல்லிக்கிறேன்னு சொன்னேன். சொல்லலை. இன்னமும் மருந்து ஏத்துறாங்கன்னு நினைச்சு, மூனு வாரத்துக்கு ஒரு தடவை பிரிக்ஃபீல்ட்ஸ்லேருந்து என்னைக் கூட்டிட்டு வராரு. ட்ரிப் போடுற ரூமுக்குள்ள நோயாளியை மட்டும்தான் விடுவாங்க. அவரு கன்டீன்ல இருப்பாரு, நான் இந்தப் பெஞ்சுல. நேரம் ஆனதும் பார்மசியில வாங்குன பஞ்சையும் பிளாஸ்டரையும் புறங்கையில ஒட்டிக்கிட்டு இறங்கிப் போயிருவேன்.

வீட்டுக்குப் போனதும் அவருதான் பிளாஸ்டரைப் பிரிப்பாரு. வெந்நியில நனைச்சு, தோலு இழுக்காம, ஓரத்துலேருந்து மெதுவா. ஆரம்பத்துலேருந்து அது அவரு வேலை, என்னைத் தொட விட மாட்டாரு. போன தடவையும் பிரிச்சாரு. பார்த்தாரு. லைட்டைப் போட்டுட்டு வந்து திரும்பவும் பார்த்தாரு. அப்புறம் அந்த இடத்தைக் கட்டைவிரலால தடவிக்கிட்டே, இந்த நர்ஸு கெட்டிக்காரி, ஊசித் தடமே தெரியலைன்னாரு. ஆமாங்கன்னேன். எந்திரிச்சுப் போயி குசினியில பைப்பைத் திறந்து விட்டாரு. ரொம்ப நேரம் தண்ணி ஓடிக்கிட்டே இருந்துச்சு.

லிஃப்ட்டு சத்தம் கேக்குது பாருங்க. மிலோ வாங்கிட்டு வர்றவரு அவராத்தான் இருக்கும். இந்தாங்க கை. கொஞ்சம் நல்லாத் தெரியுற மாதிரியே குத்துங்கம்மா.