மஞ்சள் சீட்டு

ஐயா, பசை நன்றாகப் பிடிக்க வேண்டுமென்றால் மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். இது பலருக்குத் தெரிவதில்லை. காற்றுப் பட்டால் மேலே சீக்கிரம் காய்ந்துவிடும், உள்ளே ஈரமாகவே இருக்கும், அட்டை வளைந்துகொள்ளும். நீங்கள் என்னை உட்கார வைத்திருக்கும் இந்த அறையில் விசிறி முழு வேகத்தில் ஓடுகிறது. பரவாயில்லை, இங்கே ஒட்டுவதற்கு எதுவும் இல்லை. நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

நான் இந்த நூலகத்தின் டெக்னீஷியன். நூலகர் வேறு, நான் வேறு. வாசலில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து புத்தகம் கொடுத்து வாங்குகிறவர் மேடம். பின்னால், கழிப்பறைச் சுவரை ஒட்டிய நீளமான அறையில், முதுகு பிரிந்த புத்தகத்தைத் தைத்து, கிழிந்த தாளை ஒட்டி, முத்திரை குத்தி, எண் எழுதி, உறை போட்டு அனுப்புகிறவன் நான். இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை. பசை வாசனை பட்டால் மேடத்துக்கு அடுக்கடுக்காகத் தும்மல் வரும். அதனால் அவர் என் அறைக்குள் வந்ததே இல்லை. எங்களுக்குள் ஒரு மனக்கசப்பும் இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்களிடம் ஒரு விதி உண்டு. பழுதான புத்தகத்துக்குள் மஞ்சள் சீட்டு ஒன்றை வைக்க வேண்டும். சீட்டு வைத்த புத்தகத்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது. கணினியில் தேடினால் ‘பழுது பார்க்கப்படுகிறது’ என்று வரும். வேலை முடிந்து நான் அந்தச் சீட்டில் கையெழுத்துப் போட்டால்தான் புத்தகம் அலமாரிக்குத் திரும்பும். எத்தனை நாளைக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதியில் இல்லை. மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டேன். இந்த நூலகத்தில் நான் முழுதாகப் படித்த ஒரே புத்தகம் அந்த விதிப் புத்தகம்தான். மற்றவற்றை நான் படிப்பதில்லை. படிக்க வேண்டுமென்றால் விரிக்க வேண்டும், விரித்தால் முதுகு நோகும்.

வாசகர்களைப் பற்றி நான் குறை சொல்ல வரவில்லை. எல்லோரும் நல்லவர்கள். உதாரணத்துக்கு எச்சில் வாத்தியார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். பக்கத்துக்கு ஒரு முறை விரலை நாக்கில் தொட்டுத்தான் புரட்டுவார். முந்நூறு பக்கப் புத்தகம் அவரிடம் போய் வந்தால் ஒரு சுற்றுப் பருத்திருக்கும். பல் டாக்டர் அம்மா இருக்கிறார். பல் இடுக்கில் விடுகிற நூலைத்தான் அடையாளத்துக்கு வைப்பார். புதிய நூல்தான் என்று சொல்கிறார், நம்புகிறேன். அப்புறம் என் மனைவி. அடுப்படியில் நின்றுகொண்டே படிப்பாள். எந்த அத்தியாயத்தில் எண்ணெய் காய்ந்தது, எந்த அத்தியாயத்தில் தக்காளி நறுக்கினாள் என்று என்னால் பக்கத்தைப் பார்த்தே சொல்ல முடியும். இருபத்திரண்டு வருடம் இவர்கள் கெடுத்ததை நான் சரிசெய்தேன், நான் சரிசெய்ததை இவர்கள் கெடுத்தார்கள். ஒரு நாளாவது நான் முகம் சுளித்ததாக யாரும் சொல்ல முடியாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இதையெல்லாம் தொடங்கி வைத்தது பறவைகளைப் பற்றிய ஒரு பெரிய படப் புத்தகம். நான்காவது முறையாக முதுகு பிரிந்து வந்தது. கண்ணும் கருத்துமாகப் பதினொரு நாள் வேலை பார்த்தேன். சீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். மறுநாளே வாத்தியார் எடுத்துப் போனார். திரும்பி வந்தபோது மீன்கொத்தியின் தலையைச் சுற்றித் தேநீர்க் கோப்பையின் வட்டம். மேலே பென்சிலால், ‘மூக்கு இவ்வளவு நீளம் இருக்காது’ என்று ஒரு திருத்தம் வேறு. நான் கோபப்படவில்லை. அழித்தேன், துடைத்தேன், மறுபடி தைத்தேன். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேன். கை வரவில்லை. சரி, நாளைக்குப் போடலாம் என்று மூடி வைத்தேன்.

மறுநாள் வந்து பார்த்தால், ஐயா, புத்தகம் நான் வைத்தபடியே இருந்தது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. என் சர்வீஸிலேயே நான் சரிசெய்த ஒரு புத்தகம் சரியாகவே இருந்தது அதுதான் முதல் முறை. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் யோசித்துப் பார்த்தால் யாருக்கும் தோன்றக்கூடியதுதான். சரிசெய்த புத்தகங்களை அனுப்பாமல் வைத்துக்கொண்டேன். பழுதாகப் போகிற புத்தகங்களையும் அழைத்துக்கொண்டேன். பழுதான பிறகு பார்ப்பதைவிட முன்னால் பார்ப்பது நல்லதில்லையா? அந்த வருடம் எண்பத்து நான்கு புதுப் புத்தகங்கள் வந்தன. பெட்டியைப் பிரித்ததுமே எல்லாவற்றுக்கும் சீட்டு வைத்துவிட்டேன். காரணம் எழுதும் கட்டத்தில் ‘முதுகு பலவீனம்’ என்று எழுதினேன். கொஞ்ச நாளில் அதுவே அலுத்துப்போய் ‘ஓய்வு தேவை’, ‘வெளிக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை’, ‘பயந்த சுபாவம்’ என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். சீட்டுகளை யாரும் படிப்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

என் அறையில் தரையிலிருந்து கூரை வரை அடுக்கினேன். தூசி வராமல் சன்னலை அடைத்துத் தாள் ஒட்டினேன். விசிறியின் கம்பியையே கழற்றிவிட்டேன். பின்வரிசைகளை அடிக்கடி எடுத்துப் பார்த்துத் தொந்தரவு செய்யவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டுச் சுவரோரம் காதை வைத்துக் கேட்பேன். மெல்லிய ஒரு சத்தம் வரும், மொரமொரவென்று. பசை இறுகுகிற சத்தம் என்று நினைத்துக்கொள்வேன். அவ்வளவு நிம்மதியாக இருக்கும்.

இந்த இடத்தில் என் மனைவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் ஒரு தொடர் நாவல் படித்துக்கொண்டிருந்தாள். மொத்தம் ஆறு பாகம். ஐந்தாம் பாகத்தின் கடைசியில் கதாநாயகி கையில் பெட்டியோடு ரயில் நிலையத்து மேம்பாலத்தின் நடுவில் நிற்கிறாளாம். இந்தப் பக்கப் படியில் இறங்கினால் ஒருத்தன், அந்தப் பக்கப் படியில் இறங்கினால் இன்னொருத்தன். ஆறாம் பாகம் எங்கள் நூலகத்தில் ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. கடைகளில் கிடைப்பது நின்று பல வருடமாகிறது. அது என் அறையில், மூன்றாவது வரிசையில், பத்திரமாக இருந்தது.

“ஏங்க, ஆறாவது வந்துருச்சா?” என்று தினமும் கேட்பாள்.

“ரிப்பேர்ல இருக்கும்மா.”

“ஒரு வருஷமாவா ரிப்பேர்? வீடே கட்டி முடிச்சிருக்கலாம்.”

“முதுகு சரியில்ல. அவசரப்பட்டா நிக்காது.”

“சரி, எனக்குக் குடுக்க வேணாம். நீங்களே கடைசிப் பக்கத்தப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க. அவ எந்தப் பக்கம் இறங்குனா? அது மட்டும் போதும். பாலத்து மேலயே ஒரு வருஷமா நிக்கிறாளே, கால் வலிக்காதா?”

கடைசிப் பக்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் புத்தகத்தை மல்லாத்த வேண்டும். அதை நான் பொறுமையாக விளக்கினேன். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து என்னிடம் பேச்சு குறைந்துபோனது. வீட்டில் தட்டு வைக்கிற சத்தம் மட்டும் கேட்கும். எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் மனைவி என்பதற்காக விதியை வளைத்தால் நாளைக்கு வாத்தியார் என்னைக் கேட்க மாட்டாரா?

மூன்று மாதத்துக்கு முன்னால் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. புத்தகம் எடுப்பவர்கள் எண்ணிக்கை அதலபாதாளத்துக்குப் போய்விட்டது, ஆய்வு நாளுக்குள் ஏறாவிட்டால் கிளையை மூடிவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். மேடம் அதைக் கையில் வைத்துக்கொண்டு என் அறை வாசல் வரை வந்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு படித்துக் காட்டினார்.

“எனக்கு இன்னும் நாலு வருஷம்தான் சர்வீஸ் இருக்கு. இத மூடிட்டா என்னை எங்க தூக்கிப் போடுவாங்களோ தெரியல. ஜனங்களுக்குப் படிக்கிற ஆசையே போயிடுச்சு போல” என்றார். கண் நிறைந்திருந்தது. தும்மலாலும் இருக்கலாம்.

“காலம் அப்படி மேடம்” என்றேன்.

அவர் மேல் எனக்கு உண்மையாகவே மரியாதை உண்டு. அன்று மதியம் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நூறு புத்தகங்களுக்காவது கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முதல் சீட்டில் பேனாவை வைத்ததும் வாத்தியாரின் நாக்கு மனக்கண்ணில் வந்து நின்றது. பேனாவை மூடிவிட்டேன்.

ஆனால் மேடத்தை அப்படியே கைவிடுகிற ஆள் நான் இல்லை. அலமாரிகள் காலியாக இருப்பதுதானே அவருக்கு மனக்கஷ்டம்? விடுமுறை நாட்களில் வந்து, பழைய கோப்பு அட்டைகளை வெட்டி, ஒவ்வொரு புத்தகத்தின் முதுகையும் நகல் எடுத்து ஒட்டி, வரிசை வரிசையாக முதுகுகள் செய்தேன். பின்னால் ஒன்றும் கிடையாது, முதுகு மட்டும். எண், உறை, மங்கல், கீறல் எல்லாம் அசல் மாதிரியே. என் கைவேலையில் அதைவிட நேர்த்தியான ஒன்று இல்லை. மேடம் வந்து பார்த்து, “பரவாயில்லையே, அலமாரியெல்லாம் நிறைஞ்சு இருக்கு” என்று சந்தோஷப்பட்டார். உண்மையான புத்தகம் என்று வெளியே நான் விட்டுவைத்தது சுவர்ப் பூச்சு நிறங்களின் மாதிரிப் புத்தகம் ஒன்றைத்தான். வாத்தியார் அதை இரண்டு முறை எடுத்துப் போனார். இரண்டாவது முறை, பக்கம் பதினாறில் இருப்பது நீலம் இல்லை என்று திருத்தி அனுப்பினார்.

நேற்றைக்கு நடந்தது உங்களுக்கே தெரியும். நீங்கள் ஆய்வுக்கு வந்து அலமாரிகளைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினீர்கள். அந்த நேரம் பார்த்து வாத்தியார் வரலாற்று வரிசையில் ஒரு புத்தகத்தை இழுத்தார். நாற்பது முதுகுகள் ஒன்றாக ஒட்டியிருந்ததால் வரிசை முழுவதும் கதவு மாதிரி கையோடு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவர், “இது ஒரே பாகமா, நாப்பது பாகமா?” என்று கேட்டார். குட்டு உடைந்தது. மேடம் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

நீங்கள் சட்டைப் பையிலிருந்து ஒரு புகார் மனுவை எடுத்து என்னிடம் காட்டினீர்கள். ஆறாம் பாகம் ஒன்றரை வருடமாகப் பழுதில் இருக்கிறது, விசாரிக்கவும் என்று எழுதியிருந்தது. பெயரைப் பார்ப்பதற்கு முன்பே தாளின் ஓரத்து எண்ணெய்க் கறையைப் பார்த்தேன். ஐயா, அந்தக் கறையை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன்.

புகார் கொடுத்தவள் என்று அவளையும் வரவழைத்திருந்தீர்கள். என் அறையைத் திறந்தீர்கள். முன்வரிசைப் புத்தகங்கள் நன்றாக இருந்தன என்பதை நீங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாவது வரிசையில் கைவைத்தபோதுதான் அடுக்கு உள்ளே சரிந்தது. கழிப்பறைச் சுவரின் ஈரத்தில் கறையான் ஏறியிருக்கிறது. நான் காதை வைத்துக் கேட்ட சத்தம் பசை இறுகுகிற சத்தம் இல்லையாம். அட்டைகளை விட்டுவிட்டு உள்ளே இருந்ததை எல்லாம் அது முடித்துவிட்டிருந்தது. பறவைப் புத்தகத்தைத் திறந்தால் மண்தான் கொட்டியது.

என் மனைவி யாரையும் கேட்காமல் உள்ளே போய், முதுகு முதுகாகப் பார்த்து, மூன்றாவது வரிசையிலிருந்து ஆறாம் பாகத்தை எடுத்தாள். அட்டை புதுக்கருக்கு அழியாமல் இருந்தது. திறந்து பார்த்தாள். கவிழ்த்து உதறினாள். மேசைமேல் ஒரு கைப்பிடி தூள் விழுந்தது, நடுவில் என் மஞ்சள் சீட்டில் பாதி. என்னைப் பார்த்து, “இத்தனை நாள் கையிலயே வச்சிருந்தீங்களே. அவ எந்தப் பக்கம்தான் இறங்குனா?” என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. வரிசையில் அடுக்குவதற்கு முன்னால் அந்தப் புத்தகத்தை முப்பது தடவையாவது துடைத்திருக்கிறேன். ஏதாவது ஒரு பக்கத்தைச் சொல்லியிருக்கலாம். அவள் வெற்று அட்டையைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். “பார்த்து வை, மூலை மடங்கிடும்” என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகவே, ஒன்பதாயிரத்து நானூற்றுப் பதினாறு புத்தகங்களையும் உள்ளே கொண்டுபோனது நான்தான். சன்னலை அடைத்ததும், விசிறிக் கம்பியைக் கழற்றியதும், கையெழுத்துப் போடாததும் நான்தான். இதில் மேடத்துக்கு எந்தப் பங்கும் இல்லை, அவரை விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் மனதார ஒப்புக்கொள்கிறேன்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் தயவுசெய்து பதிவு செய்துகொள்ள வேண்டும். என் பொறுப்பில் இருந்த இரண்டு வருடத்தில் அந்தப் புத்தகங்களில் ஒன்றைக்கூட யாரும் படித்துக் கெடுக்கவில்லை.