முனாப் மாஸ்டரின் பவுடர் ஆராய்ச்சி

"எலிக்கு, தம்பி! அந்தப் பவுடர எலிக்குத்தான் குடுத்துப் பாத்திருக்கானுகள்... மூச்ச விடுங்க, மூச்ச விடுங்க."

துவாரகன் மூச்சை விட்டான். மல்லாந்து படுத்து, நெஞ்சுக்கு மேல் இரும்பைத் தாங்கியிருப்பவனுக்கு அதற்கு மேல் பதில் சொல்ல ஏலாது. துறைமுக வீதி ஜிம்மில் அவன் சேர்ந்த முதல் நாள். சதை வைக்கிற அந்தப் பவுடர் வேலை செய்யுமா என்று கேட்டதுதான் அவன் செய்த பிழை.

முனாப் மாஸ்டர் விடவில்லை. எலிக்குப் பிறகு கொஞ்சம் கிழவர்களாம். அவர்களுக்குப் பவுடரோடு பயிற்சியும் கொடுத்தார்களாம். சதை வைத்தது எதனால் என்று எந்தக் கிழவனுக்குத் தெரியும்? அந்தச் சோதனைக்கான செலவும் பவுடர்க் கொம்பனியுடையதாம். மாஸ்டர் சிரித்த சிரிப்பில் இரும்பைப் பிடித்திருந்த அவர் கை விலகியது. துவாரகனின் கண் பிதுங்கியது.

ஆனால் துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு ஜிம்முக்கு வருகிற பொடியன்கள் மாஸ்டரின் சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். அவர் ஓம் என்றால் வீட்டுச் செலவைக் குறைத்தாவது வாங்குவார்கள். இன்று பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு முடிவு சொல்வதாக வாக்கு. அதற்காக அவரே ஆராய்ச்சி செய்தார். பொடியன்களில் பாதிப்பேருக்குப் பவுடர் கலந்த பால், மற்றவர்களுக்கு வெறும் பால். எவருக்கு எது என்று அவருக்கு மட்டுமே தெரியும். இன்று காலை, மனைவி றுக்கியாவின் தையல் நாடாவால் கைகளை அளந்தாராம்.

"எல்லாக் கையும் ஒரே மாதிரிப் பெருத்திருக்கு தம்பி. குடிச்சவனும் குடியாதவனும்! அப்ப அந்த டின்னுக்குள்ள என்ன இருக்கு? ஒண்டுமில்ல. கள்ளனுகள்..."

ஒருவழியாக இரும்பைத் தாங்கியில் வைத்தார். துவாரகன் எழுந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஏதோ மெல்லக் கேட்டான்.

"என்ன? வெறும் பால் குடிச்சவனுக்குப் பவுடர் கொஞ்சம்கூடப் போகல்லையோ எண்டா..."

மாஸ்டர் வாசலைப் பார்த்தார். தாடியைச் சொறிந்தார்.

"ஒரே வாங்கில பக்கத்துல பக்கத்துல இருந்து குடிக்கிறானுகள் தம்பி. நாலு பேர் சேந்து திங்கிற சஹன்ல ஒருத்தன்ட பக்கம் மட்டும் இறைச்சி வைக்கிறதா? மனசு கேக்கல்ல. ஆளுக்கொரு கரண்டி போட்டுட்டன்... எல்லாருக்கும்."

வெளியே சைக்கிள்கள் வந்து நின்றன. உள்ளே வந்த பொடியன்களிடம் மாஸ்டர், தனக்கு இன்னும் தெரியாது, தெரியும்வரை ஒருவரும் வாங்க வேண்டாம் என்றார். பிறகு பவுடர் டின்னையும் கரண்டியையும் துவாரகனின் கையில் திணித்தார்.

"இனி நீங்க கலக்குங்க தம்பி. உங்களுக்கு இவனுகளத் தெரியாது. ஆருக்கு எது எண்டு எனக்கும் சொல்லாதீங்க."