கொள்ளிடக் கரைக் கூப்பாடு

— அந்தப் பொண்ணு நடுவுல ஊதுச்சே, அத மட்டும் இன்னொரு தடவ ஊதச் சொல்லுங்க தம்பி.

— சாக்ஸபோன் ஊதற லிசியா? டீ குடிக்கப் போயிருக்காம்மா, வந்துடுவா. நீங்க வாசல்லயே நிக்காதீங்கோ. ஒத்திகை நடக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— எம் மக சுபஸ்ரீ போன்ல காட்டுனா. போன வருசம் கொள்ளிடத்துல வெள்ளம் போச்சே, அத வெச்சுப் பாட்டுக் கட்டியிருக்காங்கம்மா, தில்லை நகர்ல அம்பது பேரு சேந்து வாசிக்கிறாங்க, ஜாஸுன்னா. அது என்ன எளவோ எனக்குத் தெரியாது. வயலினெல்லாம் தண்ணி ஏறுற மாதிரி ஏறுச்சு, டிரம்ஸ் போட்டு ஒடைச்சாங்க, பாத்துக்கிட்டே இருந்தேன். அந்தப் பொண்ணு ஊதுனதும் அடுப்ப அணைச்சுட்டு பஸ் ஏறிட்டேன்.

— ஏம்மா?

— அது எங்க வீட்டுக்காரரு கூப்புடுற கொரலு தம்பி. பிச்சமுத்து. அந்த வெள்ளத்துல போனாருல்ல, அவரு பொண்டாட்டி நான். சந்திரம்மாள்.

— ரங்கா, பெருமாளே... உக்காருங்கோம்மா. நான்தான் ரகுநந்தன், இத எழுதினவன். நானே உங்களத் தேடிண்டு வந்திருக்கணும். மனசு வரல.

— அவரு கொரலு உங்களுக்கு எப்படிக் கெடச்சுது?

— வெள்ளத்தோட சத்தத்தப் பதிவு பண்ணலாம்னு கரைக்குக் கீழ, தண்ணி ஓரமா நின்னுண்டிருந்தேன். காதுல ஹெட்போன், கண்ண வேற மூடிண்டேன். மேலேருந்து ஒருத்தர் மாட்டக் கூப்பிடறது கேட்டுது. நீளமா இழுத்து, கடைசியில ஒடைஞ்சு. அப்படி ஒரு குரல நான் கேட்டதே இல்ல. திடீர்னு நின்னுடுத்து. நான் பதிவ முடிச்சுட்டு வேற வழியா ஏறி ஸ்ரீரங்கம் வந்துட்டேன். மறுநாள்தான் தெரிஞ்சுது, கரை சரிஞ்சு ஒருத்தர் போயிட்டார்னு. மாட்டுக்காக எறங்கியிருக்கார் பாவம்னு நெனச்சுண்டேன்.

— அதான் பாட்டுல வெச்சீங்களா?

— பாட்டே அவருக்குத்தாம்மா. ஜாஸ்ல வாசிக்கறவா மனசுக்குத் தோணினத வாசிக்கலாம். அந்த எடத்துல மட்டும் ஒரு ஸ்வரம்கூட மாத்தாதேன்னு லிசிகிட்ட சொல்லிட்டேன்.

— அவரு பேசுனது எங்ககிட்ட எதுவும் இல்ல தம்பி. போட்டோதான் இருக்கு. அப்பா கொரல ஒரு தடவ கேக்கணும்னு சுபஸ்ரீ அழுவுறா. அந்தப் பதிவக் குடுத்தீங்கன்னாப் போதும், போயிடுவேன்.

— அழிச்சுட்டேம்மா. தண்ணிச் சத்தம் மட்டும் சுத்தமா இருக்கணும்னு அன்னிக்கே குரல எடுத்துட்டேன். அவர் போயிட்டார்னு அப்போ தெரியாது. காதுல நின்னத வெச்சுத்தான் இத எழுதினேன். என்ன மன்னிச்சுடுங்கோ.

— கொஞ்சங்கூட இல்லியா?

— இல்லம்மா. தேடாத எடம் இல்ல.

— சரி, விடுங்க. அந்தப் பொண்ணு நல்லாத்தான் ஊதுது. ஓடியாந்து கூப்புட்டா அவருக்குக் கடைசியில அப்படித்தான் கொரலு ஒடையும்.

— கச்சேரிக்கு நீங்க ரெண்டு பேரும் வரணும். மாட்டுக்காக உசுரக் குடுத்த மனுஷர்னு மேடையில அவர் பேரச் சொல்லப்போறேன்.

— தம்பி, அன்னைக்குக் கரைக்குக் கீழ ஒங்களோட வேற யாராச்சும் நின்னாங்களா?

— யாரும் இல்லையே. நான் மட்டும்தான்.

— மாடு ரெண்டும் அன்னைக்கு வீட்டுலதான் கட்டிக் கெடந்துச்சு தம்பி.