உறவினர் எவருமில்லை

கவுன்சில் என்றால் குப்பை அள்ளுவதும் நூலகம் நடத்துவதும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் எல்லைக்குள் ஒருவர் இறந்து, அவரை எடுத்து அடக்க ஆளில்லாவிட்டால் அதையும் கவுன்சில்தான் செய்யவேண்டும் என்பது சட்டம். வடலண்டனில் பதினொரு வருடம் நான் பார்த்த வேலை அதுதான். என் பெயர் ஜீவரத்தினம். நீங்கள் கேட்டபடி நடந்ததை ஒழுங்காக எழுதித் தருகிறேன்.

2003 மாசியில், ஆர்ச்வே பக்கம் ஒரு வாடகை அறையில் சண்முகராசா என்பவர் இறந்து கிடந்தார். வயது நாற்பத்தாறு, மாரடைப்பு. சில காலம் பிரான்ஸில் இருந்துவிட்டு இங்கே வந்து ஒரு பேக்கரியில் வேலை செய்தவர். இப்படியான அறைக்குள் இருவர் சேர்ந்துதான் போகவேண்டும் என்பது எங்கள் விதி. என்னோடு இசபெல் வந்தாள். கையுறை போட்டுக்கொண்டு, சொந்தபந்தம் உண்டா என்று அறிய கடிதம், விலாசம், உயில் என்று தேடுவோம். அவள் அலுமாரியைப் பார்த்தாள். நான் கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே ஒரு கட்டுத் தமிழ்க் கடிதங்கள். எல்லாம் கிளிநொச்சியிலிருந்து பாலாம்பிகை என்ற அவருடைய மனைவி எழுதியவை.

“குடும்பம் யாராவது?” என்று இசபெல் ஆங்கிலத்தில் கேட்டாள்.

“பழைய கோயில் நோட்டீசுகள்” என்றேன்.

அப்போது என் நோக்கம் கெட்டதில்லை. கணவன் செத்த செய்தியை ஒரு பெண்ணுக்கு கவுன்சில் முத்திரை குத்திய ஆங்கிலக் கடிதம் சொல்லக்கூடாது, நானே தமிழில் பக்குவமாக எழுதலாம் என்று நினைத்தேன். கோப்பில் ‘உறவினர் எவருமில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். தகனத்துக்கு இசபெலும் நானும் மட்டும் போனோம். அவள் ஒரு கொத்துப் பூ வாங்கி வந்திருந்தாள்.

என் மனைவி லலிதா பிரிந்து ஹரோவுக்குப் போய் அப்போது நான்கு வருடம். அந்தச் சனி, ஞாயிறு முழுவதும் வீட்டில் இருந்து, பெட்டியோடு கொண்டுவந்த பாலாவின் கடிதங்களைப் படித்தேன். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. பாலர் பாடசாலையில் படிப்பித்தாள். பக்கத்து வீட்டு நாய் தன் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியதை ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். பதில் தாமதமானால் கணவனைத் திட்டுவாள், அடுத்த கடிதத்தில் மன்னிப்புக் கேட்பாள்.

அவளுக்குச் செய்தியை எழுத உட்கார்ந்தேன். நான்கு தாள்களைக் கிழித்தேன். பெட்டிக்குள் சண்முகராசா பாதியில் விட்ட கடிதம் ஒன்றும் இருந்தது. ‘இங்க சரியான குளிர். வாற வருசம் எப்பிடியும்’ என்பதோடு நின்றிருந்தது. அதை நான் முடித்து அனுப்பினேன். முதலில் செய்தது அவ்வளவுதான்.

அவருடைய எழுத்து என் கைக்கு வர இரண்டு நாள் பிடித்தது. பேக்கரியில் கை வெட்டுப்பட்டுவிட்டது, அதனால் எழுத்துக் கோணல் என்று ஒரு வரி சேர்த்தேன். இடம் மாறிவிட்டதாகச் சொல்லி என் விலாசத்தைக் கொடுத்தேன். ஐந்து வாரத்தில் பதில் வந்தது. ‘உங்கட கை இப்ப எப்பிடி? மருந்து கட்டினீங்களோ?’ என்று கேட்டிருந்தாள். வேலை முடிந்து வந்து கோட்டைக் கழற்றாமலே அதைப் படித்தேன்.

இலங்கையில் அது சண்டை நின்றிருந்த சமாதான காலம். தபால் ஒழுங்காக ஓடியது. அவளுடைய செலவுக்கு நான் குறைவைக்கவில்லை. போனில் கதைக்கவேண்டும் என்று பலமுறை கேட்டாள். ‘உன்ர குரலைக் கேட்டால் எனக்கு இங்க இருக்க ஏலாது’ என்று எழுதினேன். பிறகு அவள் கேட்கவில்லை. படம் கேட்டபோது பெட்டியிலிருந்த அவருடைய பழைய படம் ஒன்றை அனுப்பினேன். வெள்ளிக்கிழமைகளில் முருகன் கோயிலுக்குப் போய் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். நட்சத்திரம் கடிதத்தில் இருந்தது.

2006 சித்திரையில் வந்த கடிதம்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது. அவளுடைய அண்ணன் றமணன் கொழும்பில் இருந்தான். ‘திரும்பச் சண்டை வரப்போகுது, பாதை திறந்திருக்கேக்க வெளிக்கிட்டு வா எண்டு அண்ணை நிக்கிறார். நீங்கள் சொல்லுறதுதான் முடிவு’ என்று எழுதியிருந்தாள்.

நான் ஒரு கிழமை யோசித்தேன். கொழும்புக்கு வந்தால் லண்டன் விசாவுக்குப் போடுவாள். மனு குரோய்டனில் இருக்கும் குடிவரவு அலுவலகத்துக்கு வரும். கணவன் செத்து மூன்று வருடம் என்று ஒரு கடிதத்தில் பதில் போகும். அதோடு என் வேலை போகும் என்பது உண்மை, ஆனால் வேலை பெரிய காரணமில்லை. அவள் எழுதுவது நின்றுவிடும்.

‘போகவேண்டாம். வழியில பிடிச்சிடுவாங்கள். வீட்டிலயே இரு. ஐப்பசியில நான் வாறன்’ என்று எழுதினேன்.

கிளிநொச்சியிலிருந்து வெளியே போகும் பாதையைப் பூட்டப்போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தினமும் செய்தி கேட்கிறவன் நான். ஆவணியில் பூட்டினார்கள். அதற்குப் பிறகும் அனுமதி கிடைத்து வெளியே வருகிறவர்களிடம் கொடுத்து ஆறேழு கடிதம் அனுப்பினாள். ஐப்பசியில் நான் வராததற்கு அவள் திட்டவில்லை. 2008 கடைசியோடு கடிதம் நின்றது.

இந்த வருடம் ஐப்பசியில் ஒரு ஞாயிறு காலை கதவு தட்டப்பட்டது. கொழும்பிலிருந்து வந்த றமணன் பொலித்தீன் பையோடு நின்றான்.

“சண்முகராசா இருக்கிறாரோ?”

“வேலைக்குப் போயிட்டார்” என்றேன்.

“நான் மச்சான்காரன். இருந்து பாத்துட்டுப் போறன்.”

தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். அவன் குடிக்கவில்லை. நான் கேட்காமலே சொன்னான்.

“தங்கச்சி மோசம் போயிட்டா. கடைசிச் சண்டையில, மாத்தளன்ல. தண்ணி எடுக்கப் பங்கருக்கால வெளியில வந்தவ, ஷெல் விழுந்தது. பக்கத்தில இருந்த சனம்தான் இந்தக் கடிதங்களைக் கொண்டுவந்து தந்தது. அவரிட்ட ஒண்டே ஒண்டு கேக்கோணும். நான் கூப்பிடேக்க ஏன் மறிச்சவர்?”

“அவருக்கும் ஏதும் நியாயம் இருந்திருக்கும்” என்றேன்.

அவன் இரண்டு மணித்தியாலம் இருந்தான். சண்முகராசா வரவில்லை. அடுத்தநாள் கவுன்சிலுக்குப் போய் விலாசத்தையும் பெயரையும் கொடுத்து விசாரித்திருக்கிறான். அந்தப் பெயர் இறந்தவர்களின் பதிவில் இருந்ததால் அவனை இசபெலிடம் அனுப்பியிருக்கிறார்கள். அவள் பெயரைத் தட்டியதும் ஆறு வருடத்துக்கு முந்திய கோப்பு வந்திருக்கிறது. அடியில் என் கையெழுத்து. அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். செத்தவரின் பெயரில் ஐம்பத்தொரு கடிதம் எழுதியது நான். உயிரோடு இருந்த மனைவியைக் கோப்பில் இல்லாமல் ஆக்கியது நான். அவள் வெளியேற வழி இருந்தபோது, அது அடைபடப்போகிறது என்று தெரிந்துகொண்டே அவளை அங்கேயே இருக்கச் சொன்னதும் நான்தான். எதையும் நான் மறுக்கவில்லை.

ஒன்று மட்டும் மனதை அரிக்கிறது. விசாரணை அறையில் றமணன் எனக்கெதிரே ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தான். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனைவியைப் பறிகொடுத்தவனிடம் அதைச் சொல்வதுதானே முறை.