முட்டை ஓடு கவிழ்க்காத கொம்பு

வாசனைப் பட்டாணிப் பூக்கொடிக்குக் கொம்பு தேர்ந்தெடுப்பதில் எல்லாரும் அவசரப்படுகிறார்கள், சார்ஜன்ட் ஐயா. வீட்டு ஜாடிக்கு நாலு பூ போதுமென்றால் ஹேசல் மரத்துக் குச்சி, அந்த மிலாறு நட்டால் ஆயிற்று. பரிசுக்கு வளர்க்கிறவர்களுக்கு எட்டடி மூங்கில் வேண்டும், கொடிக்கு ஒன்று.

ஜூன் கடைசியில் கொடி உச்சியைத் தொட்டுவிடும். அதை அவிழ்த்துத் தரையில் படுக்கவைத்து, சில கொம்பு தள்ளி மறுபடி ஏற்றுவோம். வரிசைக் கோடியில் இருக்கும் கொடி வளைந்து அடுத்த வரிசைக்குப் போக, அங்கே ஒரு குட்டைக் கொம்பு நிற்கும். குனிகிறவர் கண்ணில் குத்தாமலிருக்க, அதன் தலையில் காலையில் தின்ற முட்டையின் ஓட்டைக் கவிழ்ப்பது எங்கள் வழக்கம்.

என் தம்பி ஆப்ரிக்கு ஏழு வயதிலிருந்தே வலது கண் கிடையாது. அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் நான். மே மாதம் சாப்பிடும்போது சொன்னான்.

"அக்கா, கனடாவுல ஒரு நாத்துப் பண்ணையில வேல கெடச்சிருக்கு. பூக் கண்காட்சி முடிஞ்சதும் கப்பல்."

"ஒத்தக் கண்ண வச்சிக்கிட்டு அங்க போயி என்னடா பண்ணுவ?"

"ஒத்தக் கண்ண வச்சிக்கிட்டுத்தானே உன்னையே இத்தன வருசம் சமாளிச்சேன்!"

இருவரும் சிரித்தோம். அவனுக்கு இன்னொரு துண்டு ஆப்பிள் பை வைத்தேன். எனக்கு அழுகை வரவில்லை, பயம் வந்தது. அந்த மேஜையில் ஒரே ஒரு தட்டை வைத்துக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது?

கோடியில் நிற்கும் குட்டைக் கொம்புக்கு வழக்கமாகத் தடித்த மூங்கில்தான் எடுப்பேன். இந்த முறை சுண்டுவிரல் பருமனில், நன்றாகக் காய்ந்த ஒன்றை எடுத்தேன். நுனியைச் சாய்வாகச் சீவினேன். உயரத்துக்கு அளவு நாடா தேவைப்படவில்லை. முடிச்சை அவிழ்க்கக் குனிந்தால் ஆப்ரியின் முகம் எங்கே வரும் என்று எனக்குத் தெரியும். மெல்லிய கொம்பு மேலிருந்து பார்த்தால் வெறும் புள்ளி. ஒற்றைக் கண்காரனுக்குத் தூரமும் பிடிபடாது.

கொடி இறக்கும் நாளன்று காலை இரண்டு முட்டை அவித்தேன். ஓடுகளைக் குப்பையில் போட்டேன்.

"அக்கா, கோடிக் கொம்புக்குத் தொப்பி போட்டியா?"

"போட்டாச்சு. நீ குனிடா."

அவன் அதிகம் கத்தவில்லை. டாக்டர் வருவதற்குள் நான் அவன் முகத்தைத் துடைத்துவிட்டேன். கப்பல் சீட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. தினமும் மாலையில் அவன் கையைப் பிடித்து வரிசையோரம் நடத்திப்போய், எந்த நிறம் பூத்திருக்கிறது என்று சொல்வேன். நேற்று அவன் என் கையை விட்டுவிட்டு ஒவ்வொரு குட்டைக் கொம்பாகத் தடவிக்கொண்டே போனான். மூன்றின் தலையில் ஓடு இருந்தது. நாலாவதில் சாய்வாகச் சீவிய நுனி இருந்தது. கண் போனவன் விரலால் பார்ப்பான் என்பதை நான் யோசிக்கவில்லை.

நீங்கள் இடது கண்ணைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள். லட்லோவிலிருந்து சித்தி வந்து, ஆப்ரியைத் தன் பிள்ளையாக வளர்க்கிறேன் என்று பெட்டி கட்டிய வாரத்தில்தான் அவனுடைய வலது கண் போயிற்று. அப்போது எனக்குப் பதினான்கு வயது. அந்தத் தடவை குத்தியது ஹேசல் மிலாறு. அன்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

எழுதி முடித்துவிட்டீர்களென்றால் நான் கிளம்புகிறேன், ஐயா. அவனுக்குத் தேநீர் போடும் நேரமாகிவிட்டது. இரண்டு கண்ணும் இல்லாத பிள்ளைக்கு என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?