ஏரோப்ளேனுக்கு அளந்த நெல்

பெட்ரோல் கிடைக்காத யுத்த காலம். தென்காசிக்குப் போகும் கரி பஸ் பாவூர்சத்திரத்தில் நின்றுவிட்டது. கண்டக்டர் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவர் தலைப்பாகைக்காரர், மற்றவர் குடை வைத்திருந்தார்.

"களத்துல சாமிக்கு அளக்குற முதல் மரக்கால் நெல்லை இந்தத் தடவை சர்க்கார் ஏரோப்ளேன் வாங்குற யுத்த நிதிக்குக் குடுத்துட்டேன்" என்றார் தலைப்பாகைக்காரர்.

"சாமிக்கு உள்ளதையா? அதுல நமக்கு என்ன பிரயோசனம் அண்ணாச்சி?"

"ப்ளேன்ல நம்ம ஜில்லா பேரை எழுதுவாவளாம். எம் மகன் பர்மாவுல பட்டாளத்துல இருக்கான். தலைக்கு மேல அது போனா நிமிந்து பேரை வாசிப்பான். அவனுக்கு ஒரு தைரியம்லா."

குடைக்காரர் குடையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார்.

"எம் மகனும் அங்கனதான் இருந்தான். லீவுல வந்தப்ப சொன்னான். ப்ளேன் சத்தம் கேட்டாலே குப்புறப் படுத்துக்கிடணுமாம். யாரு ப்ளேனுன்னு நிமிந்து பாக்குறவன் பிழைக்க மாட்டானாம்."

"இப்பம் எங்கன இருக்கான்?"

"திரும்பிப் போனான். பிறவு தந்திதான் வந்துது."

பஸ் கிளம்பியது. தென்காசி வந்தது. இறங்கும்போது தலைப்பாகைக்காரர் யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"சாமிக்கே அளந்திருக்கலாம்."